உட்காரப் பழகிய குழந்தைக்கு ஒரு கூடை விளையாட்டு

உட்காரத் தொடங்கிய ஆறேழு மாதக் குழந்தைக்குக் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். அதைத் தடுத்துக்கொண்டே இருப்பதைவிட, வாய்க்குப் போனாலும் பரவாயில்லை என்கிற பொருள்களாகப் பார்த்து எடுத்து வைப்பது சுலபம். பிரிட்டனில் குழந்தைகள் காப்பகங்களோடு பணியாற்றிய எலினோர் கோல்ட்ஷ்மீட் இதற்கு ‘புதையல் கூடை’ என்று பெயர் வைத்தார். நமக்கு அந்தப் புதையல் அடுக்களையிலேயே கிடக்கிறது.

1. கூடை. உயரம் குறைவாக, அடி அகலமாக, சாய்ந்தாலும் கவிழாததாக இருக்கட்டும். மூங்கில் கூடை என்றால் சிலாம்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளிம்பு முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள்.

2. பொருள்கள். எவர்சில்வர் டம்ளர், டபரா, மரக்கரண்டி, சின்ன மத்து, வழவழவென்று தேய்த்த கொட்டாங்குச்சி, கதர்த் துணி, முழுச் சாத்துக்குடி. பத்துப் பன்னிரண்டு போதும். ஒன்று சில்லென்று இருக்கும், ஒன்று மணக்கும், ஒன்று தரையில் தட்டினால் ‘ணங்’ என்னும். பிளாஸ்டிக் பொம்மைகளில் நிறம்தான் மாறும். கைக்கும் நாக்குக்கும் எல்லாம் ஒன்றுபோலத்தான். அதனால் இந்தக் கூடையில் பிளாஸ்டிக் வேண்டாம்.

3. அளவு பார்ப்பது. இதில் மட்டும் சலுகையே கிடையாது. பொம்மை தொண்டையில் சிக்கும் அளவில் இருக்கிறதா என்று சோதிக்கும் குழாயின் உள்விட்டம் சுமார் 3.2 செ.மீ.; அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது. நான் வீட்டில் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வேன். பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை, நீளக் கயிறு எல்லாம் பரணுக்கு. பட்டன் பேட்டரி போட்ட பொம்மை வீட்டில் இருந்தால் அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அந்தப் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

4. பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வது. பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். “இங்க பாரு, இங்க பாரு” என்று பாட்டி டம்ளரைத் தட்டத் தொடங்கினால் குழந்தை கூடையை விட்டுப் பாட்டியைப் பார்க்க ஆரம்பித்துவிடும். எதை எடுப்பது, எவ்வளவு நேரம் சப்புவது என்பதெல்லாம் அதன் முடிவு. சலித்ததும் கூடையை எடுத்து வையுங்கள், பொருள்களைக் கழுவுங்கள், வாரத்துக்கு இரண்டை மாற்றுங்கள்.

5. எட்டு, ஒன்பது மாதத்துக்கு அப்புறம். கரண்டியைத் துணிக்கடியில் ஒளித்து வையுங்கள். கண்ணில் படாவிட்டாலும் பொருள் அங்கேதான் இருக்கிறது என்பது பிடிபடும் பருவம் இது. துணியை இழுத்துக் கண்டுபிடித்ததும் வரும் சிரிப்பே தனி. ஒரு வயதையொட்டி, பெரிய தூக்குவாளியில் போடுவதும் கொட்டுவதுமாக ஒரு காலைப் பொழுது போய்விடும்.

6. நிற்கத் தொடங்கினால். நடைவண்டி வாங்கலாம்; குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருட்டும் வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நடைவண்டியில் பிள்ளை தானே எழுந்து, தன் காலில் நின்று தள்ள வேண்டும். மொசைக் தரையில் வண்டி முந்திக்கொண்டு ஓடும், ஆகவே முதல் சில நாள் மண் தரையிலோ மொட்டைமாடிச் சொரசொரப்பிலோ, பக்கத்தில் ஆள் இருக்க, தள்ளவிடுங்கள்.