சுழிப்புள்ளி ஆற்றல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீரிசை அலையியற்றியின் (சுருள்வில்லில் கட்டிய துகள்போல் ஆடும் அமைப்பின்) மிகக் குறைந்த ஆற்றல் நிலையான அடிநிலையிலும் அரை குவாண்டம் ஆற்றல் எஞ்சி நிற்கும்; இதுவே சுழிப்புள்ளி ஆற்றல். இந்த ‘அரை’யை எல்லா அமைப்புக்கும் அப்படியே போடுவதுதான் முதல் தவறு. நிலையாற்றலில் இடப்பெயர்ச்சியின் நான்காம் படி ஒன்று சேர்ந்தாலே எண் மாறிவிடும்.

மாறிய எண்ணைப் பெர்டர்பேஷன் தொடரில் (கெழுவின் அடுக்குகளில் உறுப்பு உறுப்பாகத் திருத்தம் சேர்க்கும் தொடரில்) தேடுபவர்கள், உறுப்புகள் கூடக்கூடத் துல்லியமும் கூடும் என்று நம்புகிறார்கள். கூடாது. நிறை, அதிர்வெண், குறைத்த பிளாங்க் மாறிலி மூன்றும் 1. நான்காம் படியின் கெழு 0.1 என்று கொள்வோம். தொடர் 0.5 + 0.075 − 0.0263 + 0.0208 − 0.0241 என்று போகும். கடைசி உறுப்பு அதற்கு முந்தையதைவிடப் பெரியது, கவனித்தீர்களா? அடுத்தடுத்தவை இன்னும் பெருக்கும். கெழு எதிர்க்குறியானால் துகள் வெளியே ஓடிவிடும், அடிநிலையே இருக்காது. தொடர் குவிந்தால் அதே அளவுள்ள எதிர்க்குறிக் கெழுவுக்கும் குவிய வேண்டும்; அதனால் கெழு எவ்வளவு சிறிதானாலும் தொடர் குவியாது. மிகச் சிறிய உறுப்போடு நிறுத்துங்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான விடை 0.5591.

கெழு 1 என்றால் இரண்டாம் வரிசையிலேயே ஆற்றல் −1.375, அபத்தம். இங்கே மாறுபாட்டு முறை, அதாவது ஓர் ஊக அலைச்சார்பை எடுத்து அதன் ஆற்றலை மிகக் குறைப்பது, கைகொடுக்கும். அதிர்வெண்ணை மாற்றக்கூடிய காஸ் வடிவ அலைச்சார்பை எடுத்தால், அதிர்வெண் 2 ஆகும்போது ஆற்றல் மிகக் குறைந்து 0.8125 ஆகிறது. சரியான விடை 0.8038, பிழை ஒரு சதவீதம்தான், அதுவும் அரைப் பக்கக் கணக்கில்! இந்த முறை தரும் எண் எப்போதும் உண்மைக்கு மேலேதான் நிற்கும். கீழே போனால் கணக்கில் கோளாறு.

இரட்டைக் குழி நிலையாற்றலில் ஒரு குழிக்கு மட்டும் தொடர் போட்டால், சுரங்க ஊடுருவலால் அடிநிலை இரண்டாகப் பிரிவது எந்த வரிசையிலும் தெரியாது. அதற்கு இன்ஸ்டன்டான் (ஒரு குழியிலிருந்து மற்றதற்குக் கற்பனைக் காலத்தில் தாவும் பாதை) வேண்டும்.

கணினியில் செய்பவர்கள், இடப்பெயர்ச்சியைக் குறிக்கும் முடிவிலா அணியை ஓர் அளவில் வெட்டி, வெட்டிய அணியின் நான்காம் படியை எடுப்பார்கள். அணியின் மூலை உறுப்புகள் தவறிப்போகும், விடை உண்மைக்கு மேலே நிற்கும் என்ற உத்தரவாதமும் போகும். அணியில் இரண்டு நிரையும் இரண்டு நிரலும் கூடுதலாக வைத்துப் பெருக்கி, பிறகு வெட்டுங்கள்.

வெற்றிடத்தில் நெருங்கி நிற்கும் இரண்டு உலோகத் தட்டுகளை ஈர்க்கும் கேசிமிர் விசையின் சூத்திரத்தில் மின்காந்த இணைப்பு மாறிலி இல்லையே என்று, அதை வெற்றிட ஆற்றலுக்கு நேரடிச் சாட்சியாக்குவதும் தவறு. தட்டுகளை மின்தடையே இல்லாத முழுநிறைக் கடத்திகளாக எடுத்ததால்தான் அது மறைந்தது; இணைப்பைச் சுழியாக்கினால் விசையும் சுழி. 2005இல் இயற்பியலாளர் ஜாஃபி இதைத் தெளிவாக்கினார்.

துகளின் பாதைகளைத் தற்செயலாக எடுத்துச் சராசரி காணும் பாதைத் தொகையீட்டு மான்டி கார்லோவில் இயக்க ஆற்றலை அடுத்தடுத்த புள்ளிகளின் வேறுபாட்டின் வர்க்கத்திலிருந்து நேராக எடுக்காதீர்கள். காலப் படி குறையக் குறைய அது வெடித்துப் பெருகும். மேலே சொன்ன அலகுகளில், இடப்பெயர்ச்சியின் இருபடிச் சராசரியோடு, அதன் நான்காம் படிச் சராசரியைக் கெழுவால் பெருக்கி மூன்று மடங்காக்கிக் கூட்டுங்கள். இயக்க ஆற்றலின் சராசரியை நிலையாற்றலோடு இணைக்கும் விரியல் தேற்றப்படி அதுதான் மொத்த அடிநிலை ஆற்றல்.