அலுமினா நானோ துகள்களை நீரில் நிலையாகக் கலக்கும் முறை

அலுமினியம் ஆக்சைடு, அதாவது அலுமினா, நீரைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், அதன் நானோ துகள்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு மிக நுண்ணிய துகள்களை, கலந்தவுடன் நீரின் குளிர்விக்கும் ஆற்றல் பெருகிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஆனால், கன அளவில் 1 சதவீதம் கலந்தால் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 3 சதவீதமே உயரும். அந்தச் சிறு ஆதாயமும் துகள்கள் அடியில் படியாமல் இருக்கும்வரைதான் கிடைக்கும். ஆகவே, பொடியின் தரத்துக்குக் காட்டும் அக்கறையைவிடக் கூடுதலான அக்கறையைக் கலக்கும் முறைக்குக் காட்ட வேண்டும்.

முதலில் கணக்கு. ஆல்பா எனப்படும் படிக வகை அலுமினாவின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.95 கிராம் என்பதால், 1 லிட்டர் கலவையில் கன அளவில் 1 சதவீதம் வேண்டுமானால் 39.5 கிராம் பொடியை நிறுத்து எடுக்க வேண்டும். எடையில் 1 சதவீதம் என்பது கன அளவில் கால் சதவீதம்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே மிகப் பரவலான பிழை. பொடி காற்றில் எளிதில் பறந்து நுரையீரலுக்குள் போகக்கூடியது என்பதால், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டிக்குள் வைத்து, முகக்கவசம் அணிந்தே நிறுக்க வேண்டும்.

அடுத்து, நீரின் பிஎச் மதிப்பை, அதாவது அதன் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவைக் கவனியுங்கள். பிஎச் 9ஐ ஒட்டிய நிலையில் அலுமினாப் பரப்பின் மின்னூட்டம் ஏறக்குறைய சுழியாகிவிடுவதால், ஒன்றையொன்று விலக்கும் விசை இல்லாமல் துகள்கள் திரள்கின்றன. நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 4 அல்லது 5க்குக் கொண்டுவந்தால், துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று விலகி நிற்கும். எனினும், உலோகக் குழாய்களில் ஓடவிடப் போகும் திரவம் என்றால் அமிலத்தன்மை அரிப்பை உண்டாக்கும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பொடியைச் சிறிது சிறிதாகத் தூவிக் காந்தக் கலக்கியால் கலக்கிய பிறகு, காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால் திரவத்தை அதிரச் செய்யும் மீயொலிக் கருவியைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த நிலையில் ஒட்டிக் கிடக்கும் கட்டிகள் வெறும் கலக்கலுக்கு உடைவதில்லை. மீயொலி திரவத்தைச் சூடாக்கும் என்பதால், குவளையைப் பனிக்கட்டி நீரில் வைத்து, விட்டுவிட்டு இயக்குவது நல்லது.

கலவையைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒரு நாள் அசைக்காமல் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கலவை மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான பால் நிறத்தில் இருக்கும். கெட்டதில் மேலே தெளிந்த நீரும் அடியில் வெள்ளைப் படிவும் தெரியும்.

பாகுநிலையையும், அதாவது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பையும், கட்டாயம் அளந்தாக வேண்டும். அது வெப்பக் கடத்துத்திறனைவிட வேகமாக உயர்வது வழக்கம். துகள்கள் திரண்டிருந்தால் உயர்வு இன்னும் மிகுதியாகும். அப்போது கூடுதலாகச் செலவாகும் பம்பின் ஆற்றல், கிடைத்த ஆதாயத்தை விழுங்கிவிடலாம்.

நீரில் மட்டுமல்ல, இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினான எபாக்சியில் கலக்கும்போதும் இதே கவனம் தேவை. நன்கு பரவிய அலுமினா, பிசினின் கடினத்தன்மையையும் தேய்மானத்தைத் தாங்கும் திறனையும் உயர்த்தும்; கட்டியாக நின்ற இடத்திலோ விரிசல் தொடங்கும். பிசினை இறுகச் செய்யும் கடினமாக்கியைச் சேர்க்கும் முன்பே துகள்களைப் பரப்பி முடித்து, வெற்றிடத்தில் வைத்துக் காற்றுக் குமிழ்களை நீக்கிவிட வேண்டும்.