பிரேக் பேட் மாற்றியதும் முதலில் பெடலை மிதியுங்கள்

முதல்முறை வீட்டிலேயே பிரேக் பேட் மாற்றுகிறீர்களா? முன்சக்கரங்களில் தொடங்குங்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பவே வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம்.

பேடுகளைப் பிடித்திருக்கும் பாகமான காலிப்பரைக் கழற்றியதும் அதன் பிரேக் ஆயில் குழாயில் (ஹோஸ்) தொங்க விடாதீர்கள். ஒரு கம்பித்துண்டால் மேலே ஸ்பிரிங்கோடு கட்டுங்கள். காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் உருளைதான் பிஸ்டன். பழைய பேடை அதன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் (C வடிவ திருகு இறுக்கி) மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் உள்ளே போகும். அப்போது பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு கண் வையுங்கள். ஆயில் மட்டம் ஏறும். வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்டையே அரித்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சரி, புதிய பேடோடு எல்லாம் மாட்டியாயிற்றா? வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். பயப்படாதீர்கள், பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை, அவ்வளவுதான். நாலைந்து மிதியில் பெடல் கெட்டியாகும். இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. அத்தனை மிதித்தும் பஞ்சு போலவே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.