நூலாகத் தெரியும் இழுவைக் கேபிள்: டேங்க் மாடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேங்க் மாடல் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது இழுவைக் கேபிளுக்குத்தான். சக்கரம், பீரங்கி, பெயின்ட் எல்லாம் பிரமாதமாக இருக்கும். பக்கவாட்டில் மட்டும் துணி காயப்போடும் கொடி மாதிரி ஒன்று தொங்கும். நிஜக் கேபிள் எஃகு. சேற்றில் புதைந்த பல டன் வண்டியை வெளியே இழுக்க வேண்டியது. அந்தக் கனமும் விறைப்பும் மாடலிலும் தெரிய வேண்டும்.

பெரும்பாலான சிக்கல் கிட்டோடு (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டி) வரும் நூலில் தொடங்குகிறது. என் முதல் டேங்கில் அதை அப்படியே ஒட்டி, பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமர் அடித்தேன். பிசிறெல்லாம் விறைத்து நின்று, கம்பளிப்பூச்சி ஊர்வது போல் ஆகிவிட்டது. நூலைத் தவிர வேறு வழியில்லை என்றால், நீர்த்த வெள்ளைப் பசையை விரலால் நீவி, இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். பிசிறு ஓரளவு படியும். பிளாஸ்டிக்கில் வார்த்த கேபிளில் வேறு தொல்லை: அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோட்டைச் சுரண்டப் போனால் முறுக்கும் சேர்ந்து போய்விடும்.

தடிமனை யாரும் கணக்குப் போடுவதில்லை. நிஜக் கேபிள் 28 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 1/35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) 0.8 மி.மீ.; 1/48இல் 0.6, 1/72இல் 0.4. கண்மதிப்பில் எடுத்தால் கை எப்போதும் தடித்த கம்பிக்கே போகும். ஒரே வண்டியில் எல்லாக் கேபிளும் ஒரே தடிமன் என்பதும் தவறு. ஜெர்மனியின் டைகர் 1 டேங்கின் இடப்பக்கத்தில் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) மாற்றுவதற்கென்று இருக்கும் கேபிள், இழுவைக் கேபிளைவிட நன்றாக மெலிந்தது.

அப்புறம், பின்னல். படம் மாட்டும் கம்பி சிலது ஜடை போல் பின்னியிருக்கும். இழுவைக் கேபிள் பின்னியதல்ல, முறுக்கியது: பொதுவாக நடுவில் ஒரு கரு, சுற்றி ஆறு புரிகள். ஒவ்வொரு புரியும் பல மெல்லிய இழைகளைத் திரித்தது.

இதை நாமே திரிக்கலாம். மின்வயருக்குள் இருக்கும் செம்பு இழை போதும். 0.12 மி.மீ. இழை மூன்றைத் திரித்தால் ஒரு புரி. அப்படி ஏழு புரிகளை, நடுவில் கருவாக ஒன்று, சுற்றி ஆறு என்று சேர்த்துத் திரித்தால் கிட்டத்தட்ட 0.8 மி.மீ. வரும். பலர் சறுக்குவது திசையில்தான். புரியையும் கேபிளையும் ஒரே பக்கமாகத் திரித்தால் இறுகி இறுகிச் சுருண்டுகொள்ளும், விட்டால் பிரியும். கயிறு திரிப்பவர்களுக்கு இது பழைய சங்கதி: புரி ஒரு பக்கம், கயிறு எதிர்ப்பக்கம். கேபிளை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் முறுக்கு இடமிருந்து வலமாக மேலே ஏற வேண்டும். நிஜத்தில் அதிகம் காண்பது அதுதான். ஒரு முனையை வைஸில் கவ்வி, மறுமுனையை ட்ரில்லில் மாட்டி, மெதுவாகச் சுற்றுங்கள். அவசரப்பட்டால் நடுவில் அறுந்து எல்லாம் கையில் வரும்.

திரித்த செம்பு விறைப்பாக இருக்கும். சுடரில் ஒரு முறை ஓட்டி எடுத்தால் இளகும். ஓட்டி எடுக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. மெல்லிய இழை நொடியில் உருகிவிடும்.

வெட்டும்போது முதலில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, அது காய்ந்த பிறகு வெட்டு. மாற்றிச் செய்தால் முனை விளக்குமாறு ஆகிவிடும். கொக்கியில் மாட்டுவதற்காகக் கேபிள் முனையில் இருக்கும் வளையமான கண்ணிக்குள் கேபிள் நுழையத் துளை போடாமல் மேலே ஒட்டிவைப்பதும் அடிக்கடி பார்க்கிற சோம்பேறித்தனம்.

மாட்டும்போது கேபிள் வண்டிமேல் படுத்திருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கேபிளைப் பிடித்திருக்கும் தாங்கிகளுக்கு நடுவே காற்றில் மிதந்தால் கனம் போச்சு. நேர்கோடாக விறைத்து நின்றாலும் தப்பு, கூர்மையாக மடிந்தாலும் தப்பு. எஃகுக் கேபிள் அகலமாகத்தான் வளையும். வளைவுகளை உருளையான எதிலாவது சுற்றி முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பெயின்ட் அடித்தபின் வளைத்தால் உரிந்து செம்பு பல்லிளிக்கும்.

நிறத்தில் இரண்டு மிகைகள்: ஒன்று பளபள வெள்ளி, இன்னொன்று முழுக்க ஆரஞ்சுத் துரு. கிரீஸும் மண்ணும் ஏறிய கேபிள் கரும்பழுப்புச் சாம்பலாகத்தான் இருக்கும். தொழிற்சாலையில் வண்டியோடு சேர்த்து பெயின்ட் அடித்த கேபிள்களும் உண்டு, அப்படி வண்டி நிறத்திலேயே விட்டாலும் சரி. எப்படியானாலும் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்தால் அவ்வளவு பாடுபட்டுத் திரித்த முறுக்கு மூழ்கிவிடும். கடைசியாகப் பென்சில் கிராஃபைட்டை விரலில் தொட்டு முறுக்கின் மேடுகளில் மட்டும் தேயுங்கள். கொக்கி உரசும் கண்ணியின் உள்விளிம்பில் இன்னும் கொஞ்சம் அழுத்தி.