கார்ட்டர் பாம்புகள் ஒரே தொட்டியிலா? தீனி மட்டும் தனித்தனியாக

வட அமெரிக்காவைச் சேர்ந்த, செல்லப்பிராணியாகவும் வளர்க்கப்படும் கார்ட்டர் பாம்புகள் கூட்டமாக இருக்கப் பழகியவை. கனடாவின் நார்சிஸ் பகுதியில் ஆயிரக்கணக்கில் ஒரே பொந்தில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு மூன்றைச் சேர்த்து வளர்க்கலாம். சிக்கலெல்லாம் தீனி போடும்போதுதான். ஒரு மண்புழுவின் இரு முனையையும் இரண்டு பாம்புகள் கவ்விவிட்டால் இரண்டுமே விடாது. வாயோடு வாய் முட்டும்போது, பெரியது சின்னதையும் சேர்த்தே விழுங்கப் பார்க்கும். எனவே தனித்தனி டப்பாவில் தீனி கொடுங்கள். வாயில் ஒட்டிய தீனி வாடை போன பிறகு தொட்டியில் விடுங்கள். அப்புறம், புதிதாக வந்த பாம்பை ஓரிரு மாதம் தனியே வைத்து, எச்சத்தைச் சோதித்துவிட்டுச் சேர்ப்பதே நல்லது. ஆணையும் பெண்ணையும் சேர்த்தால்? முட்டையெல்லாம் இல்லை, நேரே குட்டிகள்தான். சில சமயம் 20க்கு மேல்!