புலம்பெயர்ந்த வீட்டில் ஒரு குழந்தைக்குப் புற்றுநோய்: உதவப் போகிறவர்களுக்கு

மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவிலிருந்துதான் அதிகம் கூப்பிடுவார்கள். புது நாட்டின் மொழி இன்னும் பிடிபடாத அப்பா அம்மாவுக்கு உதவ நினைக்கும் நண்பர்கள், உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், மருத்துவர் பேசும்போது நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். எவ்வளவு நன்றாகப் பேசுகிறவராக இருந்தாலும் சரி. அந்த வீட்டு மூத்த பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியின் நோயைப் பற்றி அம்மாவிடம் சொல்வது பன்னிரண்டு வயதுப் பெண்ணின் வேலை இல்லை. தெரிந்தவர்கள் கெட்ட செய்தியைப் பூசி மெழுகிவிடுவார்கள். அம்மாவும் அவர்கள் எதிரில் கேட்க வேண்டியதைக் கேட்கமாட்டார். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். பல மருத்துவமனைகளில் போனிலாவது ஒருவரை ஏற்பாடு செய்வார்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள், வீட்டுக்கு வந்து அதைத் திரும்பப் பேசுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம். "இன்னிக்கு ராத்திரி என்ன மருந்து, எவ்வளவு குடுக்கணும்?" என்று கேளுங்கள், புரியாதது தானாக வெளியே வரும்.

அடுத்தது காய்ச்சல். இதில் மட்டும் தயவுதாட்சண்யம் வேண்டாம். கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுக்கும் குழந்தைக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். பல மருத்துவமனைகள் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், என்பதை எல்லையாகச் சொல்கின்றன. அந்தக் குழந்தையின் மருத்துவமனை சொல்லும் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுத் தெர்மாமீட்டர் எந்த அளவையில் காட்டுகிறதோ, அதே அளவையில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. அது காய்ச்சலை மறைத்துவிடும். ஆசனவாய் வழியாகச் சூடு பார்ப்பதோ மருந்து வைப்பதோ கூடாது. விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் கூடாது. அப்புறம், அந்த நாட்டு மொழியில் ஒரு அட்டை எழுதி அம்மாவின் பையில் வையுங்கள்: குழந்தையின் பெயர், நோய், கீமோவில் இருப்பது, மார்பில் போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருக்கும் சிறு கருவி) இருந்தால் அது, மருத்துவமனையின் இரவு எண். அவசரப் பிரிவில் வார்த்தை வராமல் நிற்கும்போது அதை நீட்டினால் போதும்.

மருந்துச் சீட்டை உட்கார்ந்து படியுங்கள். லுக்கீமியாவில், அதாவது ரத்தப் புற்றுநோயில், வீட்டில் கொடுக்கும் மெர்காப்டோபியூரின் பெரும்பாலும் தினசரி மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை. வாராந்திர மாத்திரையைத் தினமும் கொடுத்துவிட்டால் பெரும் ஆபத்து. தமிழில் கிழமை போட்டு ஓர் அட்டவணை எழுதி, அதை நர்ஸிடம் காட்டிச் சரிபாருங்கள். மில்லிகிராமும் மில்லிலிட்டரும் குழம்பாமல் இருக்க, சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள். ஊரிலிருந்து யாராவது மூலிகை அனுப்பியிருந்தால் திட்டாதீர்கள், திட்டினால் ஒளித்துக் கொடுப்பார்கள். பொட்டலத்தோடு மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு நாட்களில் குழந்தை நடுராத்திரியில் பசி என்று எழும், கத்தும், அடிக்கும். மருந்து செய்யும் வேலை அது, வளர்ப்பு அல்ல என்று பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பாட்டியை வரவழைக்க விசா வேண்டுமென்றால், நோய், சிகிச்சைக் காலம், பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுவது மூன்றும் உள்ள கடிதத்தை மருத்துவரிடம் கேட்கலாம். மருத்துவமனைச் சமூகப் பணியாளர் இதற்கு உதவுவார். குடியுரிமை, வேலை அனுமதி சம்பந்தப்பட்ட பயங்களுக்குப் பக்கத்து வீட்டு ஆலோசனை வேண்டாம், குடிவரவு வழக்கறிஞர்தான். குடும்பத்தைக் கேட்காமல் குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சளி இருந்தால் பார்க்கப் போகாதீர்கள். வீட்டில் யாருக்காவது அம்மை என்றாலும் போகாதீர்கள். குழந்தை ஏற்கெனவே அம்மை வந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் லுக்கீமியாவுக்கே சிகிச்சை இரண்டு மூன்று வருடம் ஓடும். அதனால் "எதுனாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாமல், செவ்வாய்க்கிழமை மூத்தவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது நான் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆறாவது மாதமும் செய்யுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் அதன் சுருக்க அறிக்கையை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எங்கே என்று அதில் இருக்க வேண்டும். டாக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் பல வருடம் கழித்தும் இதயத்தைப் பாதிக்கலாம். குடும்பம் வேறு நாட்டுக்குப் போனால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.