முறத்துக்கும் சாக்குக்கும் சாயம் போட

சுவரில் மாட்டுகிற முறத்துக்கும், குஷன் உறை தைக்கிற நெல் சாக்குக்கும் வீட்டிலேயே சாயம் போடலாம். துணிச் சாயம் துணிக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். மூங்கில், சணல், கோரை, தேங்காய் நார் எல்லாம் செடியிலிருந்து வந்தவை. பருத்தி குடிக்கிற சாயத்தை இவையும் குடிக்கும். பிளாஸ்டிக் குடிக்காது. கடையில் கேட்கும்போது "பருத்திக்குச் சூடாகப் போடுகிற சாயம்" என்று சொல்லுங்கள், டைரக்ட் சாயம் என்று எடுத்துத் தருவார்கள். திருபுவனம் பக்கம் பட்டுக்காரர்கள் கடையில் போய் நின்றால் பட்டுச் சாயத்தைக் காட்டுவார்கள். அது நமக்கு ஆகாது, கழுவக் கழுவப் போய்விடும். கோலப்பொடியும் வேண்டாம், அது மேலே ஒட்டி நின்று உதிரும்.

முறம் மெழுகாததாக இருக்கட்டும். வெந்தயமும் ஊறவைத்த காகிதமும் அரைத்துப் பூசிய முறம் புடைக்கத்தான் நல்லது. அதில் சாயம் பூச்சுக்கு மேல் போகாது, பூச்சு உரிந்தால் நிறமும் உரியும். "நெல் புடைக்கிற சாமானைச் சுவரில் மாட்டுவாளா?" என்று என் மாமியார் கேட்டார். மாட்டிய பிறகு கூடத்துக்கு வருகிறவர்களிடம் அவர்தான் காட்டுகிறார்.

சின்ன முறமாக எடுத்துக்கொண்டு, சலவைச் சோடா போட்ட வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். சமையலுக்கு இனி எடுக்காத அகலமான எவர்சில்வர் குண்டானில் நாலு லிட்டர் தண்ணீர் வையுங்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடலோரத்துப் போர்த்தண்ணீரில் நிறம் மங்கித் திட்டு விழும், மழைத் தண்ணீர் இருந்தால் அதுதான் சிறப்பு. இரண்டு டீஸ்பூன் சாயத்தைத் தனியாக வெந்நீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். கரையாத ஒரு துகள் போதும், மூங்கிலில் மிளகு தெறித்த மாதிரி புள்ளி விழும். முறத்தை முக்கிப் பத்து நிமிடம் கழித்து இரண்டு கை கல்லுப்பு. உப்புதான் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நாருக்குள் தள்ளும். கொதிக்கவிடாமல், ஆவி பறக்கிற சூட்டில் முக்கால் மணி நேரம் புரட்டிப் புரட்டி வையுங்கள். அப்புறம் அதிலேயே ஆறட்டும்.

அலசியதும் கிட்டத்தில் பாருங்கள். மூங்கிலின் வழவழப்பான தோல் பக்கம் சாயத்தை லேசாகத்தான் வாங்கும், உள்பக்கத்துப் பிளாச்சு ஆழமாக வாங்கும். ஒரே பாத்திரத்தில் போட்டும் பின்னலுக்குள் ஒரே நிறத்தில் இரண்டு சாயல் தெரியும். எனக்குப் பிடித்ததே அதுதான், சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்தால் நிறம் வெளுக்கும் என்பதால் கொஞ்சம் தூக்கலாகவே எடுங்கள். நிழலில், மேலே கனம் வைத்துக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் கோணும்.

சாயத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். அதிலேயே இரண்டாவது முறம், மூன்றாவது முறம் என்று போட்டால் ஒன்றைவிட ஒன்று வெளிறி வரும், சுவருக்கு மூன்று சாயல் இலவசம். கடைசியில் மிஞ்சுவதை வாய்க்காலில் ஊற்றக் கூடாது, உப்பு இருப்பதால் செடிக்கும் கூடாது. அகலமான தட்டில் வெயிலில் வற்றவிட்டு, படிவைக் குப்பையில் போடுங்கள். காவிரியில் கலக்கிற நொய்யலைச் சாயக் கழிவு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். 2011ல் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளையே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. ஒரு குண்டான் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

அடுத்தது நெல் சாக்கு. வெள்ளையாகப் பளபளக்கிற சாக்கு பிளாஸ்டிக், அது வேண்டாம், சணல் சாக்காக எடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்துங்கள். சணல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகி மணியாகத் திரளும். சணலில் ஆலையில் விட்ட எண்ணெய் இருக்கும், சோப்புப் போட்டு இரண்டு தடவை துவைத்துவிட்டுத்தான் சாயம். அடிநிறமே பழுப்பு என்பதால் வெளிர் நிறங்கள் எடுபடாது, நீலம் பச்சைப் பக்கம் சாயும். அரக்கும் கரும்பச்சையும் நன்றாக நிற்கும். சாக்கில் அச்சடித்த எழுத்து சாயத்துக்கு மேலும் தெரியும், குஷன் உறை தைக்கும்போது அதை நடுவில் வரும்படி வெட்டுங்கள்.

முறத்துக்கு மாட்டும் முன் ஒரு கை வார்னிஷ் அடியுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி ஈரத்தில் சாயம் இறங்கிச் சுண்ணாம்புச் சுவரில் வட்டம் விழும். மேற்கு வெயில் அடிக்கிற திண்ணையில் மாட்டினால் சீக்கிரம் வெளுத்துவிடும், கூடத்துக்குள் வையுங்கள்.